அடுப்புக்குப் பக்கத்தில் காலண்டர் தாள்

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டைப் பிடித்து மூன்று தடவை தொங்கிப் பார்க்கிற ஆள் நான். பூட்டுக்குப் பேர்போன ஊரில் குடியிருந்துகொண்டு இப்படித் தொங்கினால் ஊருக்கே அவமானம் என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை. விடியுமுன்னே கிளம்பிப் போய்விடுவார். கடைசியாக வீட்டை விட்டு வெளியே வருகிறவள் நான்தான். கேஸ் அடுப்பு, சிலிண்டர், மோட்டார் சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி, கொல்லைக் கதவு எல்லாம் என் தலையில்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பாலை அடுப்பில் வைத்ததை மறந்து வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகையைப் பார்த்துவிட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பால் சட்டி கரிந்தது, சமையலறைச் சுவர் கறுத்தது, அவ்வளவுதான். சுவருக்கு அடுத்த வாரமே வெள்ளையடித்துவிட்டோம். எனக்குத்தான் அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு ஆபீஸ் வேலை. ஏழே முக்காலுக்கு மில் பஸ் எங்கள் தெருமுனைக்கு வரும். ஏறி உட்கார்ந்து பஸ் ஊரைத் தாண்டும்போது ஒரு சந்தேகம் ஆரம்பிக்கும். அடுப்பை அணைத்தேனா? அடுப்பின் திருகைத் திருப்பியது கைக்கு நினைவிருக்கும். ஆனால் அது இன்றைக்குத் திருப்பியதா, நேற்றுத் திருப்பியதா? பைபாஸ் பாலத்துக்கிட்டே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடுவேன். அடுப்பு அணைந்துதான் இருக்கும். ஒரு நாளாவது எரிந்துகொண்டிருந்து என் மானத்தைக் காப்பாற்றியதில்லை.

"என்னக்கா, இன்னைக்கும் பாலத்துக்கிட்ட எறக்கி விடவா?" என்று டிரைவர் ஏறும்போதே கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

சிரிப்போடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஒரே தம்பி. சேவுகம்பட்டியில் அப்பா விட்டுப்போன நிலத்தில் மல்லிப்பூ போட்டிருக்கிறான். முப்பத்தெட்டு வயதில்தான் அவனுக்குப் பெண் அமைந்தது. தாடிக்கொம்புப் பெண். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிவானதும் மாப்பிள்ளையின் அக்கா தங்கை போய்ப் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். அன்றைக்கு விடிகாலையிலேயே தன் தோட்டத்தில் பூப்பறித்து, நெருக்கமாகக் கட்டச் சொல்லி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தம்பி முன்னால் போய்விட்டான். நான் சேலை மாற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

பஸ்ஸும் ஏறினேன். பாலம் வந்தது. சந்தேகம் வந்தது. இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்து, சிலிண்டரைப் பார்த்து, பூட்டில் தொங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தாடிக்கொம்பு போய்ச் சேர்ந்தபோது பெண் தலை நிறையப் பூவோடு எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா மகள் வைத்துவிட்டிருந்தாள்.

"பஸ்ஸே கெடைக்கலடா" என்றேன் தம்பியிடம். பொய். இந்த வயதில் அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போனேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நல்ல நேரம் முடியப் போச்சுக்கா. பூவும் வாடிரும்ல" என்றான். பூச்சுற்றி வந்த ஈரத்துணியை உதறி மடித்தான். சொந்தக்காரர்கள் அவனுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். அக்காவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, அதான் வேண்டுமென்றே வரவில்லை என்று சேவுகம்பட்டி முழுக்கப் பேச்சு. வாரத்துக்கு நாலு தடவை போன் பண்ணுகிறவன் அப்புறம் பண்ணவே இல்லை. நான் பண்ணினால், "தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கேன், பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவனே கூப்பிட்டான்.

"மொத முடிச்சு நான் போட்டுருவேன். மத்த ரெண்டு முடிச்சும் நீதான் போடணும். முறை ஒண்ணு இருக்குல்ல. ஏலாதுன்னா இப்பவே சொல்லிரு, பெரியம்மா மகள்கிட்டச் சொல்லிக்கிறேன்."

"வாரேன்டா. நான் வராம யாரு வருவா?"

"நேரத்துக்கு வருவியா?"

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. தாடிக்கொம்பில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். போகிற வழி அதே பைபாஸ் பாலம்.

இந்தக் கவலையில் நான் கிடக்கும்போதுதான் எங்கள் பத்தாம் வகுப்புத் தோழிகள் குழுவில் ஒரு கூத்து ஆரம்பித்தது. துபாயில் இருக்கிற ஒருத்தி போட்டோ எடுப்பதில் பைத்தியம். முப்பது நாள், தினம் ஒரு போட்டோ, வீட்டில் புழங்குகிற சாமான் மட்டும்தான், ஆள் கூடாது, சாமி கூடாது, சாப்பாடு கூடாது, எடுத்ததைக் குழுவிலும் போட வேண்டும், அவரவர் ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் லீடராக இருந்தவள். இன்னும் அந்த நினைப்புதான். விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். முப்பதாவது நாள் தம்பி கல்யாணத்தன்று விழுந்தது. மனசை வேறு பக்கம் திருப்ப ஏதாவது வேண்டுமே என்று நானும் சேர்ந்தேன்.

முதல் நாள் எவர்சில்வர் தம்ளரை எடுத்தேன். தம்ளரை விட அதில் தெரிந்த என் மூக்குதான் பெரிதாக விழுந்தது. ஆள் கூடாது என்ற சட்டத்தை முதல் நாளே மீறியதாகத் துபாய்க்காரி சொன்னாள். இரண்டாம் நாள் அஞ்சறைப் பெட்டி. அதே நாளில் இன்னும் நாலு பேர் அஞ்சறைப் பெட்டியே போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் துடைப்பம். அதற்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"சாமானைப் பாக்காதடி, அது மேல விழுகுற வெளிச்சத்தப் பாரு" என்று அவள் எனக்குத் தனியாகக் குரலில் பேசி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் என் வீட்டையே பார்க்க ஆரம்பித்தேன். ஏழு மணிக்குச் சமையலறை ஜன்னல் கம்பிகளின் நிழல் வரிவரியாக அடுப்பு மேடையில் விழும். ஏழே காலுக்கு அது நகர்ந்து அரிவாள்மனைக்குப் போகும். கொடியில் துணி இல்லாத நேரத்தில் கிளிப்புகள் வரிசையாக, தந்திக் கம்பியில் குருவிகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். இருபத்து மூன்று வருஷமாக அதே வீட்டில் இருக்கிறேன். ஒரு நாள் நின்று பார்த்ததில்லை.

ஆறாம் நாள் நேரமாகிவிட்டது. கையில் எதுவும் அகப்படாமல், கிளம்புகிற அவசரத்தில் அடுப்பின் திருகைக் கிட்டத்தில் வைத்து எடுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் பாலத்தை நெருங்கியது. சந்தேகம் வந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று சும்மா போனைத் திறந்தேன். என் வீட்டு அடுப்புத் திருகு நேராக, அடக்கமாக, அணைந்த நிலையில் திரையில் இருந்தது. அன்றைக்குக் காலை நான் எடுத்தது. பஸ் பாலத்தைத் தாண்டிப் போனது. நான் இறங்கவில்லை. தாடிக்கொம்பு போய், வேடசந்தூர் போய், மில் வாசலில் மற்றவர்களோடு இறங்கினேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன்.

பிறகென்ன, தினமும் அடுப்புதான். ஒரு நாள் திருகு, ஒரு நாள் சிலிண்டர் ரெகுலேட்டர், ஒரு நாள் வாசல் பூட்டு, மறுபடி திருகு. ஆனால் சந்தேகம் என்பது லேசுப்பட்ட ஆளா? பன்னிரண்டாம் நாள் அது வேறு வேஷத்தில் வந்தது. இந்தப் போட்டோ இன்றைக்கு எடுத்ததா, நேற்றையதா? போட்டோவில் நேரம் இருக்கிறது, தேதி இருக்கிறது. அதை நம்பினால் நான் ஏன் நானாக இருக்கிறேன்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, திருகுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இரண்டையும் சேர்த்து எடுத்தேன். தேதி, கிழமை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் சாட்சி.

குழுவில் ஒரே பாராட்டு. "அடுப்பையும் காலத்தையும் சேத்து வச்சிருக்கா பாருங்கடி" என்று துபாய்க்காரி உருகிப் போனாள். இன்னொருத்தி கண்ணீர் பொம்மை அனுப்பினாள். கலை என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர் மட்டும், "நம்ம வீட்டுக் காலண்டர் ஏன் எப்பப் பாத்தாலும் ஒரு நாள் முன்னாடியே ஓடுது?" என்று கேட்டார்.

ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் பட்டியலில் தினமும் தம்பி பெயர் இருக்கும். ஒரு வார்த்தை, ஒரு பொம்மை எதுவும் அனுப்ப மாட்டான். பார்த்துவிட்டுப் போய்விடுவான். அக்கா மேல் கோபம் ஒரு பக்கம், அக்கா என்ன செய்கிறாள் என்று பார்க்கிற குறுகுறுப்பு ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே சில நாள் இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

கல்யாண நாள் வந்தது. வீட்டுக்காரர் பந்தி வேலைகளுக்காக முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார். சேவுகம்பட்டியிலிருந்து மாப்பிள்ளைக் காரும் சொந்தக்காரர்களின் வேனும் வரும். வேன் என்னைத் தெருமுனையில் ஐந்து மணிக்கு ஏற்றிக்கொள்ளும். நாலு மணிக்கே எழுந்து குளித்துப் பட்டுச்சேலை கட்டினேன். ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். குடித்திருக்கக் கூடாது. அடுப்பைப் பற்றவைக்காமலே இருந்திருக்கலாம்.

காலண்டர் தாளைக் கிழிக்கும்போது வேகத்தில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டன. ஒன்று நழுவி மேடைக்கு அடியில் போனது. குனிந்தால் சேலை மடிப்புக் கலையும் என்று கையில் இருந்ததைத் திருகுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து, குழுவில் போட்டு, ஸ்டேட்டஸில் வைத்தேன். முப்பது நாள் முடிந்தது. சிலிண்டர், சுவிட்ச், கொல்லைக் கதவு என்று என் கண்ணுக்காக மட்டும் இன்னும் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டேன். வேன் ஹாரன் கேட்டது. வாசலைப் பூட்டினேன். தொங்குவதற்கு இரண்டு கையும் வேண்டுமே, போனைக் கரண்ட் மீட்டர் பெட்டியின் மேல் வைத்தேன். மூன்று தடவை தொங்கினேன். ஓடிப்போய் ஏறினேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். இல்லை. மடியில் இல்லை. சீட்டுக்குக் கீழே இல்லை. மீட்டர் பெட்டி நினைவுக்கு வந்தது. காப்பி போட்டேன். பாலைக் காய்ச்சினேன். அணைத்தேனா? போட்டோ எடுத்தேனே, அணைத்துவிட்டுத்தானே எடுத்திருப்பேன்? எடுக்கும்போது பார்த்தேனா, தாளைத்தானே பார்த்தேன்? தாளையும் பார்க்கவில்லையே.

"வண்டிய நிப்பாட்டுங்க" என்று என் குரல் எனக்கே கேட்டது.

வேன் ஓரமாக நின்றது. அத்தனை பேரும் திரும்பினார்கள். முன் சீட்டில் பெரியம்மா மகள், மடியில் தாம்பாளத்தோடு. அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்த பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. பாலத்துக்குக் கீழே ஒரு ஆட்டோ கூட நின்றுகொண்டிருந்தது, எனக்காகவே அனுப்பி வைத்த மாதிரி. இறங்கினால் அரை மணி நேரத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். போன தடவையும் இதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

"தலை சுத்துன மாதிரி இருந்துச்சு. சரியாயிருச்சு. போங்க" என்றேன்.

எரிந்தால் எரியட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தைரியத்தால் இல்லை. தம்பி கேட்ட "நேரத்துக்கு வருவியா" காதில் இருந்தது, அவ்வளவுதான். தாடிக்கொம்பு வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை. உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

மண்டபத்தில் எல்லாம் வேகவேகமாக நடந்தன. வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் வாழை இலை வரவில்லை என்று எங்கேயோ ஓடியிருந்தார். யாரிடமாவது போன் வாங்கிப் பார்க்கலாம் என்றால் என்னவென்று கேட்பார்கள். மணமேடைக்கு வா என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அவள் கழுத்துக்குப் பின்னால் பூச்சரம் கனத்துத் தொங்கியது. தம்பி தோட்டத்து மல்லியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த வாசமே ஏறவில்லை. மூக்கில் கரிந்த பால் வாசம்தான் இருந்தது. மேளக்காரர் கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி வர ஆள் அனுப்பியிருந்தார். அந்த இடைவெளியில் தம்பி லேசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான்.

"அக்கா."

"என்னடா?"

"கேஸு அமத்தித்தான் இருக்கு. கார்ல வரும்போது ஸ்டேட்டஸ்ல பாத்தேன்." மாலைக்கு மேலே அவன் வாய் கோணிக்கொண்டு சிரிப்பை அடக்கியது. "ஆனா தாளு நாளைக்கு உள்ளத வச்சிருக்க. நாளைக்கு வரைக்கும் அமத்தித்தாங்கா இருக்கு. நீ நிம்மதியா முடிச்சப் போடு."

தட்டு திரும்பி வந்தது. மேளம் கொட்டியது. அவன் கட்டினான். ஒரு முடிச்சு போட்டுவிட்டுக் கையை எடுத்தான். கண்ணீர் மறைத்ததில் மஞ்சள் கயிறு இரண்டு மூன்றாகத் தெரிந்தது. இரண்டாவது முடிச்சு போட்டேன். மூன்றாவதும் போட்டேன். பழக்கம் விடுமா? இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்தேன்.

"மதினி, நல்லா இறுகிருச்சு" என்றாள் பெண், தலையைக் குனிந்தபடியே. அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறான் போக்கிரி.

பந்தி முடிந்து கூட்டம் குறைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மொதல்ல நானும் பொண்ணப் பிடிக்கலையோன்னுதான் நெனச்சேன். பெறகு பாத்தா அடுப்பு, பூட்டு, அடுப்பு, சிலிண்டர்னு தெனமும் போடுற. அடுப்புக்குப் பக்கத்துல காலண்டர் தாளு வேற. போட்டோ எடுக்குறவளுக்கு எதுக்கு ராகு காலம்னு யோசிச்சேன். அப்பத்தான் ஒன் வீட்டுல பால் சட்டி கரிஞ்சது ஞாபகம் வந்துச்சு. பூ வைக்கிற அன்னைக்கும் இதானா?"

தலையை ஆட்டினேன்.

"சொல்லித் தொலைய வேண்டியதுதான? அம்புட்டு நாளும் நான் கெடந்து வெந்துக்கிட்டு இருந்தேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். போன் மீட்டர் பெட்டி மேலேயே இருந்தது. தெருவே போய் வந்திருக்கிறது, ஒருத்தரும் தொடவில்லை. உள்ளே அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் நாளைய தாள் சாய்ந்திருந்தது. மண்டபத்துச் சாப்பாடு தூக்குவாளியில் இருந்ததால் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தாளையும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் சேவுகம்பட்டியில் தம்பி வீட்டு விருந்து. வீட்டுக்காரர் முன்னால் போய் வத்தலக்குண்டு பஸ்ஸில் இடம் போட்டிருந்தார். வீட்டைப் பூட்டி ஒரு தடவை தொங்கினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகு போன் அடித்தது.

"கெளம்பிட்டியாக்கா?"

"பஸ்ல இருக்கேன்டா."

"இன்னைக்கு ஸ்டேட்டஸக் காணோமே. அடுப்ப அமத்துனியா?"

"நீதான நேத்து சொன்ன, இன்னைக்கு வரைக்கும் அமத்தித்தான் இருக்குன்னு."

அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன வைக்கட்டும் என்று தம்பி பெண்டாட்டியின் குரல் கேட்டது. எது வைத்தாலும் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.